அக்கா மகனுக்கு ஒரு கல்யாணம்

என் அக்கா சாகிராவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். செஞ்சிப் பள்ளிவாசல் தெருவில் இருபது வருஷமாகத் தையல் மிஷின் மிதித்தவள். மச்சான் மவுத்தாகி அவள் விதவையானபோது மகன் ரியாசுதீனுக்கு நாலு வயசு. ஒற்றை ஆளாக நின்று எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தாள். திண்டிவனத்தில் ஒரு துணிக்கடை வேலைக்கும் போனான். அறுபத்தோராம் வருஷம் ஒருநாள் பையோடு திரும்பி வந்து உள் அறையில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். ராஜகிரி மலை அசைந்தாலும் அசையும், இவன் அசையவில்லை.

என்ன ஆச்சு என்று கேட்காத ஆள் இல்லை. பதிலே கிடையாது. அக்காவிடம் மட்டும் "ம்", "வேணாம்" என்று ரெண்டு சொல். தண்ணீர் விளாவி வைத்துவிட்டு, குளிக்க வாடா என்று பத்துத் தடவை கெஞ்ச வேண்டும். தர்காவுக்குக் கூட்டிப் போனோம், தாயத்துக் கட்டினோம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். விழுங்கிவிட்டுத் தூங்கினான். தடிமாடு மாதிரி வளர்ந்தவனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"செல்லம் குடுத்துக் குட்டிச்சுவராக்கிட்ட. ரெண்டு நாளு சோறு போடாத, தானா எழுந்து வருவான்" என்றேன்.

"போடாமப் பாத்தேன்டா பஷீரு. மூணு நாளு அப்பிடியே கெடந்தான். நான்தான் அழுதுகினு போயி ஊட்டினேன்" என்றாள். அப்புறம் எப்போதும் கேட்பதையே கேட்டாள். "எனக்கப்புறம் இவன யாருடா பாப்பாங்க?"

எனக்கு மூன்று பெண்கள். அக்காவுக்குப் பிறகு அவன் என் தலையில்தான் விழுவான் என்று எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கம் கெடுத்தது அந்தப் பயம்தான், பாசம் இல்லை. அதனால்தான் கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று கிளம்பினேன். அவலூர்பேட்டையில் முன்னி என்று தூரத்து உறவுப் பெண். "பையன் கூச்ச சுபாவம், வேற ஒரு கொறையும் இல்ல" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அக்கா ஒரு மாசம் முரண்டு பிடித்தாள். கடைசியில், அவனுக்கு ஒரு துணை வேண்டுமே என்று தலையாட்டினாள்.

அறுபத்தாறில் நிக்காஹ். அவனைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை மாட்டி, பஸ் ஏற்றி, பெண் வீட்டுப் பந்தலில் உட்கார வைப்பதற்குள் என் உயிர் போய் வந்தது. முகம் மறையப் பூச்சரம் கட்டினோம். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். நிக்காஹ் செய்து வைக்க வந்த அஜ்ரத் ஓதி முடித்து, "கபூல்தானா?" என்று அவனிடம் சம்மதம் கேட்டார்.

மணப்பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது, வாய் திறந்தே ஆக வேண்டும். இவனோ கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். விலாவில் குத்தினேன். தொடையைக் கிள்ளினேன். அஜ்ரத் ரெண்டாம் தடவை கேட்டார். பந்தலில் முணுமுணுப்புக் கிளம்பியது. எனக்குப் புத்தி எங்கே போச்சோ தெரியவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் குனிந்து, அந்தப் பூவுக்குள்ளிருந்து வருவது போலச் சொன்னேன்.

"கபூல் செய்தேன்."

அஜ்ரத் நிக்காஹ் பதிவுப் புத்தகத்தை இழுத்தார். சரியாக அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அக்கா கத்தினாள்.

"எழுதாதீங்க அஜ்ரத்! அது என் புள்ள குரல் இல்ல!"

அடிப்பாவி! அத்தனையும் போச்சு. பெண்ணின் சித்தப்பா என் சட்டையைப் பிடித்தார். அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் உட்கார்ந்து மகன் முகத்துப் பூச்சரத்தை அவிழ்த்தாள். வேர்த்து விறுவிறுத்து, கிடுகிடு என்று நடுங்கிக்கொண்டிருந்தான். முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா? உனக்கப்புறம் இவன யாரு பாப்பாங்கன்னு அழுதியே, இப்ப சொல்லு, யாரு பாப்பாங்க?" என்று நான் எகிறினேன்.

"நீதான்டா" என்றாள் அக்கா. "ஒரு பாவமும் அறியாத பொண்ணு தலையில கட்டறதுக்கு இவனுக்காகப் பேசினல்ல? இவன நான் பாத்துக்கறேன்னு இங்கியே, இத்தினி பேரு முன்னால சொல்லு."

பந்தலே என் முகத்தைப் பார்த்தது. என் சட்டையைப் பிடித்திருந்தவர்கூடக் கையை எடுத்துவிட்டார். நான் என் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனேன்.