கம்பெனி பஸ்ஸை விட்டவர்

ஆரணியில் நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில்தான் அவரும் நிற்பார். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. செய்யாறு கம்பெனி பஸ் திருப்பத்தில் தெரிவதற்கு முன்பே சாலையோரம் போய்க் கையைத் தூக்கிவிடுவார். அந்த பஸ் யாருக்காகவும் காத்திருக்காது.

அன்று, ஆன்லைன் பார்சல் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிக் குவியலில் மேய்ந்துகொண்டிருந்த பசு ஒன்று திடீரெனக் கழுத்தை நீட்டித் திணறியது. பொருளைச் சுற்றி வரும் குமிழ் பிளாஸ்டிக் பாதி தொண்டைக்குள், பாதி வெளியே. கண்கள் பிதுங்கின. அந்த நேரம் பார்த்து பஸ்ஸும் வந்து நின்றது.

“கொம்ப புட்சிக்கோங்க!” என்று என்னிடம் கத்தியபடி, அவர் பசுவின் வாய்க்குள் கையை விட்டார்.

“உங்க பஸ்ஸு போவுதுங்க!” என்றேன்.

“போவட்டும், நீங்க வுட்றாதீங்க!”

எச்சிலும் ரத்தமுமாகப் பிளாஸ்டிக் நீளமாக வெளியே வந்தது. பசு இருமி, பெருமூச்சு விட்டது.

“வூட்ல மாடு வெச்சினு இருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. மாடுன்னாலே எனக்கு பயம்.”

அதுவரை அந்தப் பயத்தை எங்கே வைத்திருந்தாரோ, எனக்கு இன்றும் புரியவில்லை. பசு எங்கள் பக்கம் திரும்பியதும், ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.