முட்டைப் பெட்டியும் முடிச்சுப் போட்ட கயிறும்

துறைமுகத்துப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இரும்புப் பெட்டிகளைக் காட்டி, "கப்பல்ல வந்ததை அப்படியே எப்படிப்பா லாரியில வைக்கிறாங்க?" என்று கேட்கிறீர்கள். கப்பல், ரயில், லாரி மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே அளவில் பெட்டி செய்கிறார்கள், அவ்வளவுதான். இதை நான் முதலில் பார்த்தது என் அத்தையிடம். அவள் கப்பலைப் பார்த்ததே இல்லை.

அத்தை செம்பாக்கத்தில் கோழி வளர்த்தாள். முட்டை எழும்பூரில் ஒரு பேக்கரிக்குப் போகும். மாட்டுவண்டிக்காரரின் அகலக் கூடை ரயிலில் ஏறாது; தாம்பரத்தில் சின்னக் கூடைகளுக்கு மாற்றவேண்டும். எழும்பூரில் ரிக்‌ஷாவுக்காக இன்னொரு முறை. மாற்றுகிற ஒவ்வொரு கையும் சிலவற்றை உடைக்கும். கிறிஸ்துமஸ் கேக் வேலை தொடங்கும் நேரத்தில் பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார், இனியும் உடைந்து வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று.

அத்தை ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டாள். என்னையும் கூட்டிப்போய் வண்டி, ரயில் கதவு, ரிக்‌ஷாவில் கால் வைக்கும் இடம் எல்லாவற்றையும் அளந்தாள். எது ரொம்பக் குறுகலோ அந்த அளவில் முடிச்சுப் போட்டாள். அதே அளவுக்கு ஒரு மரப்பெட்டி தயாரானது. உள்ளே உமி, முட்டை, மறுபடி உமி. மேலே பூட்டு.

பிளாட்பாரத்தில் மாடம்பாக்கத்து முட்டைக்கார அம்மா சிரித்தார். "இன்னாக்கா, முட்டைக்கு வூடு கட்டிகினு வந்துட்டியா?"

ரயில்வே ஆள் ஒருவர் கதவை மறித்துக்கொண்டார். "சவப்பெட்டி மாதிரி கீது. தொறந்து கூடையில மாத்தும்மா. இல்லாட்டி ஏத்தாதே."

"சாவி எங்கிட்ட இல்ல சார்," என்றாள் அத்தை. "நேத்தே பேக்கரில குடுத்துட்டேன். இனிமே அங்கதான் திறக்கும்."

"அப்போ எறக்கு."

அத்தை பெட்டியை அவர் காலோரமாக உள்ளே தள்ளி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "என்னையும் சேர்த்து இறக்குங்க." நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார்டு விசில் ஊதிவிட்டார்.

"இன்னிக்கி தப்பிச்சிட்ட. ஒத்தப் பொம்பளை, எத்தினி நாளு இப்டி குந்திகினு போவேன்னு நானும் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு அந்த ஆள் இறங்கினார்.

பேக்கரியில் திறந்தபோது ஒரு முட்டைகூட உடையவில்லை.

இரண்டு நாள் கழித்து மாடம்பாக்கத்து அம்மா வீட்டுக்கே வந்து பெட்டியின் அளவைக் கேட்டார். "குடுக்காதீங்க அத்தை, இவங்கதான் நம்மளப் பாத்துச் சிரிச்சாங்க," என்று அவர் முன்னாலேயே நான் சொன்னேன். அத்தை காதில் வாங்கவில்லை. கயிற்றை நீட்டி, "முடிச்சு மட்டும் மாறக்கூடாது. அஸ்தினாபுரத்து முட்டைக்காரங்களுக்கும் சொல்லுங்க," என்றாள். நம் பெட்டியை ஊருக்கே தாரைவார்த்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த வாரம் தாம்பரத்தில் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சாக உட்கார்ந்திருந்தன. எதன் சாவியும் அங்கே யாரிடமும் இல்லை; எல்லாம் முட்டை வாங்குகிறவர்களிடம். ரயில்வே ஆள் பெட்டிகளைப் பார்த்தார். அவற்றைச் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். வழிவிட்டார்.

நானோ, அதில் எங்கள் பெட்டி எது என்றே தெரியவில்லையே என்ற கோபத்தில், எழும்பூர் வரும்வரை அத்தையோடு பேசவே இல்லை.