மூலையில் விழுந்த தேதி

பசியாவரத்து அம்பிகாவுக்குக் கை சும்மா இருக்காது. இறால் உரிச்ச கையைக் கழுவித் துடைச்சதும் போனை எடுத்துப் படம் வரைய உட்கார்ந்துடுவா. தாளெல்லாம் ஏரிக் காத்துல நமுத்துப் போகுதுன்னு போனுக்கு மாறினவ.

மூணு ஆப் ஏத்திப் பார்த்தா. ஒண்ணுல பாதிக் கோட்டுல விளம்பரம் வந்து குதிக்கும். இன்னொண்ணு மாசாமாசம் காசு கேட்டுச்சு. மூணாவது ஓசி, கோடும் பென்சில் கோடு மாதிரியே மெல்லிசா விழுந்துச்சு. ஆரம்பத்துல பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுச்சு. எல்லாத்துக்கும் ஓகே அமுக்கிட்டா. அதையெல்லாம் யாரு படிக்கிறா?

வியாழக்கிழமை விடியல்ல, ஏரியில வலை கட்டிக்கிட்டிருந்த புருஷன் முரளியைக் கரையில இருந்தே வரைஞ்சா. படகு நம்பரைக்கூட விடல.

சனிக்கிழமை பார்த்தா படத்துக்கு நானூறு லைக்! வரையிறதையெல்லாம் அந்த ஆப் தானாவே ஊருக்குக் காட்டுமாம், மூலையில தேதியும் போட்டு. பூரிச்சுப்போய் முரளிகிட்ட நீட்டினா. அவன் மூஞ்சி செத்துப்போச்சு.

"அன்னிக்கு யாரு பாடு?"ன்னு கேட்டா அம்பிகா. அந்த இடத்துல ஆளுக்கொரு நாள்தான் வலை கட்டணும். அந்த முறைக்குப் பேருதான் பாடு.

"தாமோதரண்ணனோடது. அவரு கல்யாணத்துக்குப் போயிருந்தாரு, எடம் சும்மாதானே கெடந்துச்சு? வாயத் தொறக்காத."

முறை தப்பி வலை கட்டினா ஒரு வருஷம் பாடு கிடையாது. ஊர்க் கட்டுப்பாடு அப்படி. அம்பிகா படத்தை அழிக்கப் போனா, ஒரு நாள் ஆகும்னுது அந்தப் பாழாப்போன ஆப். வெளியில செருப்புச் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போட்டுச்சு.

சாயங்காலம் தாமோதரனே வந்து நின்னாரு, கையில போனோட.

"இன்னா முரளி, இது உன் படகுதானே? வியாழக்கிழமைன்னு கீது?"

"அது படத்த ஏத்தின தேதிண்ணா. வரைஞ்சது புதன்கிழமை, நம்ம பாடு அன்னிக்கு."

அவரு அம்பிகாவைப் பார்த்தாரு. அவ தலையாட்டிட்டா.

"நீ சொன்னா சரிம்மா. படம் உசுரோட கீது. எம்பொண்ணு ஷாலினி இதே ஆப்புதான் வேணும்னு ஒரே ரோதனை. இது அவ போனு, ஏத்திக் குடு."

"வேற நல்ல ஆப்பு இருக்குண்ணா…"

"அவளுக்கு இதான் வேணுமாம்."

போனை வாங்கிக்கிட்டா அம்பிகா. முதல் கோடு இழுத்த உடனே அந்த நாள் தேதி தானா வந்து மூலையில உட்கார்ந்துக்கும். படத்த ஏத்தற வரைக்கும் காத்திருக்காது. ஷாலினி ஒண்ணும் குழந்தை இல்ல, அது வரையிற தேதின்னு பார்த்ததும் புரிஞ்சிடும். நம்பிக் கேட்ட மனுஷனை ரெண்டாந் தடவையும் ஏமாத்த அம்பிகாவுக்கு மனசு வரல. முரளி பின்னாடி இருமினான், திரும்பத் திரும்ப.

"அண்ணா… அது ஏத்தின தேதி இல்ல. வரைஞ்ச தேதிதான். வியாழக்கிழமை."

தாமோதரன் போனைத் திரும்ப வாங்கிக்கிட்டாரு.

"நாளைக்கு ஊர்க் கூட்டத்துல இத நீயே சொல்லிடும்மா"ன்னுட்டு இறங்கிப் போனாரு.

முரளி சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்தான்.

"ஒரு வருஷம் இன்னாடி துன்னப் போறோம்?"