தங்கையின் ஜீப்ரா மீன்கள்

பள்ளி திறந்த இரண்டாவது வாரம், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்த என் மகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது என்று எலும்பு மருத்துவர் சொன்னார். வளர்ச்சி நிற்கும்வரை, குளிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் உடம்பைச் சுற்றி இறுக்கும் பிரேஸ் என்ற கவசத்தைப் போட வேண்டும். போடாவிட்டால் வளைவு கூடும். அறுவை சிகிச்சைவரை போகலாம். காரணம் என்ன என்று கேட்டேன்.

"இந்த வயசுப் புள்ளைங்களுக்கு வர்றதுல பெரும்பாலும் காரணம் தெரியறதில்லீங்க" என்றார்.

எது எப்போது, எதனால் நடந்தது என்று குறித்துவைக்கிறவன் நான். இந்தப் பதிலோடு சும்மா இருக்க முடியவில்லை. ஆடி முழுக்கப் படித்தேன். கோழிக்குஞ்சின் மூளையிலிருந்து ஒரு சிறு சுரப்பியை எடுத்துவிட்டால் முதுகு வளைகிறது. குரங்குக்கு அதையே செய்தால் வளையவில்லை. எலிகளை இரண்டு காலில் நடக்கவைத்தும் பார்த்திருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டில் இவற்றை மகளுக்கு வரிசையாகச் சொல்லிவந்தேன்.

"கோழி, கொரங்கு, எலி. அடுத்தது என்னங்ப்பா, ஒட்டகமா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் போடாத பிரேஸ் அலமாரி ஓரமாக நின்றது.

அடுத்து வந்தது மீன். அதைக் கொண்டுவந்தவள் என் தங்கை. துடியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஜீப்ரா மீன்களை வளர்ப்பது அவள் வேலை. சுண்டுவிரல் அளவுகூட இல்லாத, கோடு போட்ட மீன்கள். அவற்றில் ஒரு வகை, குஞ்சில் நேராக இருந்து வளர வளர முதுகு வளையும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரைத் தள்ளுகிற நுண்ணிய இழைகள் சரியாக அசையாததுதான் காரணம். இதையும் நான் படித்திருந்தேன். நான் சொல்லுமுன் தங்கை கூட்டிப்போய்க் காட்டிவிட்டாள்.

காட்டியதோடு விடவில்லை. வளைந்த மீன் ஒன்றுக்குச் சனிக்கிழமைதோறும் தீனி போடும் வேலையை மகளிடம் கொடுத்தாள். "செருப்பக் கழட்டோணும், கையக் கழுவோணும், பிரேஸ் போட்டிருக்கோணும். இல்லீன்னா உள்ள உடமாட்டேன் கண்ணு. இது லேப் ரூல்ஸ்" என்றாளாம், சிரிக்காமல்.

மகள் பிரேஸ் போட்டாள். சனிக்கிழமை மட்டுமல்ல, எல்லா நாளும். ஆவணி, புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் அத்தை பேச்சுதான். அத்தை சொன்னது, அத்தை சிரித்தது. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவேன்.

"உங்களுக்குப் பொறாம தங்கச்சி மேலயா, அந்த மீனு மேலயாங்க?" என்று மனைவி கேட்டாள்.

இரண்டின் மேலும்தான்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, தீனி போடப் போன மகள் உடனே திரும்பி வந்தாள். தொட்டியில் மீன் இல்லை. எலும்பைப் பார்ப்பதற்காக, குறித்த வயது வந்ததும் அந்த மீன்களைக் கொன்றுவிடுவார்கள். தங்கை மறைக்காமல் அதைச் சொல்லியிருக்கிறாள்.

"அத்தெகிட்ட இனிப் பேசமாட்டேன்" என்று அழுதாள்.

"ஞாயித்துக்கெழம மீன் கொழம்புக்கு மட்டும் அழுகாச்சி வராதா அம்மணி?" என்று மனைவி தேற்றப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன். மகள் என் தோளில் சாய்ந்தாள். அன்றைக்கு எனக்கு உள்ளூர எவ்வளவு குளிர்ந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிரேஸ் அலமாரி ஓரத்துக்குத் திரும்பியிருந்தது. திங்கள், செவ்வாயும் அங்கேயே நின்றது. கெஞ்சினேன், அதட்டினேன். மகள் அசையவில்லை. புதன்கிழமை தேங்காய் பன் வாங்கிக்கொண்டு துடியலூர் போனேன்.

"ஏனுங்ணா, வழி தெரிஞ்சுதா?" என்றாள் தங்கை. ஆவணியிலிருந்து அந்தப் பக்கமே நான் போகவில்லை.

"பிரேஸக் கழட்டிப்போட்டா. நீ வந்து சொல்லு."

அன்று மாலையே வந்தாள். மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் டீ டம்ளர்களோடு வெளியே நின்றேன்.

"அதுக்கு வலிச்சுதாங்கத்தெ?"

"மயக்க மருந்துலதான் கண்ணு. வலிச்சிருக்காது. ஆனா நாந்தான் கொன்னேன், இல்லீங்கமாட்டேன்."

நான் டம்ளர்களைக் கீழே வைத்தேன்.

"அதோட எலும்பு இருக்குதுங்களா?"

"இருக்குது. செவப்புச் சாயம் ஏத்தி வெச்சிருக்கறோம். முதுகு எங்க திரும்புதுன்னு கண்ணுலயே தெரியும். பாக்கறயா?"

"சனிக்கெழம வாரேன்."

பிறகு பிரேஸின் பட்டைகள் பிரிபடும் சத்தம் கேட்டது.

"இன்னும் இறுக்குங்கத்தெ. அப்பா மாட்டிவிட்டா தொளதொளன்னு கெடக்கும்."

வலிக்கும் என்றுதான் அப்படி மாட்டினேன். கதவுக்கு வெளியே நின்று அதைச் சொல்ல வழியில்லை. தங்கை இறுக்கினாள், மகள் ஒரு முனகல்கூட இல்லாமல் தாங்கிக்கொண்டாள். எனக்காக ஒருநாளும் அப்படித் தாங்கியதில்லை.