பச்சையாகிப்போன மஞ்சள்கரு

எங்களிடம் முப்பது நாட்டுக்கோழி இருக்கிறது. எல்லாம் என் வீட்டுக்காரி வளர்த்தவை. மழை ஏமாற்றி மானாவாரிக் காடு கைவிட்ட பிறகு, பந்தல்குடி ரோட்டோரம் ஒரு புரோட்டாக் கடைக்குக் கொடுக்கிற முட்டையில்தான் எங்கள் பாடு ஓடுகிறது.

கோழிக்கு மருந்து, ஊசி என்று அவள் போனதில்லை. முருங்கை இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, துளி மஞ்சளோடு குதிரைவாலித் தவிட்டில் கலந்து வைப்பாள். வாரம் ஒருநாள் வேப்பங்கொழுந்தை அரைத்துச் சின்னச் சின்ன உருண்டையாகப் போடுவாள். எங்கள் வேம்பு பட்டுப்போனதால், அம்மன் கோயில் மரத்தில்தான் கொழுந்து பறித்து வந்தாள். ஆத்தாளிடம் கேட்காமல் அந்த மரத்தில் யாரும் கை வைப்பதில்லை. கும்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் பறித்தேன் என்றாள்.

கோடையில் முட்டை குறைந்தது. நான் என் புத்திக்கு எட்டியதைச் செய்தேன். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வைத்தால் மாடு கூடுதலாகக் கறக்கிறதே, கோழி மட்டும் கூடுதலாக இடாதா? அருப்புக்கோட்டையில் வாங்கி வந்து, இடித்து, தினமும் தவிட்டில் கலந்துவிட்டேன். முட்டை கூடினதும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்லவில்லை.

சில வாரம் கழித்துப் புரோட்டாக் கடைக்காரர் கூப்பிட்டார். இரண்டு நாள் முன்னால் கொடுத்த முட்டையை என் கண் முன்னாலேயே கல்லில் உடைத்தார். மஞ்சள்கரு ஊருணிப் பாசி நிறத்தில் இருந்தது.

“என்ன மாமா, முட்டைக்குள்ளயே கீரைக் கூட்டு வச்சு அனுப்புறீக? லாரிக்காரன் ஆஃப்பாயிலத் திருப்பிக் குடுத்துட்டுப் போறான்.”

பச்சைத் தழை போட்டதால்தான் பச்சையாகிறது என்று கடையில் இருந்த எல்லாரும் சொன்னார்கள். நானும் அதை வீட்டில் வந்து சொன்னேன். அவள் அன்றே முருங்கையையும் வேம்பையும் நிறுத்தினாள். நிறம் இன்னும் கறுத்தது.

“தழை இல்லைங்க. ஒருநா அவசரத்துல கேக்காமப் பறிச்சிட்டேன். ஆத்தாளுக்குக் கோவம்” என்றாள்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. முழங்கால் வீங்கிய காலோடு, செருப்பில்லாமல், கொதிக்கிற மண்ணில் அந்த மரத்தைச் சுற்றி வந்தாள். நானும் கூடப் போய்க் கும்பிட்டேன். என் தவறு எனக்கே தெரியாமல் அவளுக்காக வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் மாட்டாஸ்பத்திரிக்கு இரண்டு முட்டையைக் கொண்டுபோனேன். டாக்டரம்மா உடைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: “பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வச்சீங்களா?”

ஆமாம் என்றேன். மாட்டுக்கு ஒத்துக்கொள்வது கோழிக்கு ஒத்துக்கொள்ளாது, அதைத் தின்று இட்ட முட்டையை வைக்க வைக்க நிறம் மாறும், முருங்கை நல்லதுதான், தாராளமாகக் கொடுங்கள் என்றார்கள்.

பஸ்ஸில் வரும்போது சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. புண்ணாக்கை நிறுத்திவிட்டால் தானாகச் சரியாகிவிடும். ஆத்தா மனம் இறங்கிவிட்டாள் என்று அவளும் நிம்மதியாவாள். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் நுழைந்தபோது வறண்ட உதட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சொம்புத் தண்ணீரை நீட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப ஆத்தா கோவப்படலையா?” என்றாள்.

“இல்ல.”

தண்ணீரை வாங்கிக் குடித்தாள். பாதிச் சொம்பு காலியான பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“மாட்டுக்கும் பருத்திக்கொட்டை, கோழிக்கும் பருத்திக்கொட்டை. எனக்கும் ஒரு கை போட்டுப் பாருங்க, முழங்கால் வலியாவது போகட்டும்.”

முருங்கை உருவுவதும் காயவைப்பதும் இப்போது என் வேலை. அண்ணாந்து உருவி உருவித் தோள் விட்டுப்போகிறது. கடைக்காரர் நிறம் திரும்பினால் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் வைத்த முட்டை ஒன்றைத் தினமும் காலையில் கிண்ணத்தில் உடைக்கிறோம். நேற்று ஓரத்தில் மட்டும் பச்சை இருந்தது. அவள் அதை விளக்கு மாடத்துக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“வருது” என்றாள்.