தேவகியின் இரண்டு காதுகள்

மேடையில் ஒருவர் உருகி உருகிப் பாடுகிறார். ஆனால் சத்தமே வரவில்லை. பார்த்திருக்கிறீர்களா? போன வாரம் சின்ன காஞ்சிபுரத்தில் பார்த்தேன். இன்னும் முதுகு சில்லிடுகிறது.

நான் தொகுத்து வழங்கும் மெல்லிசைக் குழுதான். பாடகி தேவகி. கீபோர்டு வாசித்த பாபு மாரடைப்பில் போனதிலிருந்து தேவகிக்குச் சுருதி நிற்கவில்லை. ‘இன்னிக்கும் வெலகிச்சின்னா வேற ஆளப் பாத்துக்குறேம்மா’ என்று குழுத் தலைவர் முருகேசன் வேனிலேயே சொல்லிவிட்டார். பாவம், அவருக்கும் கச்சேரி நடந்தாக வேண்டுமே!

பாடுகிறவர் காலடியில், அவரையே பார்த்தபடி ஒரு ஸ்பீக்கர் சாய்ந்து கிடக்குமே... அதுதான் மானிட்டர். நமக்காக அல்ல, பாடுகிறவருக்குத் தன் குரலும் வாத்தியமும் கேட்பதற்காக. தெரு மேடைக்கு அது போதும் என்றார் சவுண்ட் சலீம். தேவகியோ காதுக்குள் செருகும் மானிட்டர்தான் வேண்டும் என்றார் — இரண்டு காதிலும். வெளிச்சத்தம் நுழையாது. பாபு எப்போதோ பதிவு செய்து வைத்த கீபோர்டு லேப்டாப்பிலிருந்து சுத்தமாகக் கேட்கும்.

“ஒரு காத சும்மா வுடும்மா. ஊர் சத்தமும் கேக்கணும்” என்றார் சலீம்.

“ஊர் சத்தத்துலதாண்ணே எனக்கு வெலகுது.”

இரண்டாவது பாட்டு. தேவகி கண்ணை மூடிக்கொண்டார். அதே நேரம் தெருமுனையில் நாகஸ்வரம் — சாமி புறப்பாடு திரும்பிவிட்டது.

எங்கள் ஊரில் சாமி வந்தால் மேடை வாயை மூடிக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லத் தேவையில்லை. சலீம் ஒலியை இறக்கினார். டிரம்ஸ்காரர், கிட்டார்காரர் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். மொத்தக் கூட்டமும் மேடைக்கு முதுகைக் காட்டிக் கைகூப்பியது. நானும்தான்.

ஏதோ உறுத்தித் திரும்பினேன். மேடையில் தேவகி மட்டும். தொடையில் தாளம் போட்டபடி, சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருந்தார்.

தொட்டு நிறுத்தியிருக்கலாம். பார்த்தபடியே நின்றேன்.

கண்ணைத் திறந்தார். எதிரே நூற்றுக்கணக்கான முதுகுகள். பின்னால் ஆளில்லாத டிரம்ஸ். நிறுத்துவார் என்று பார்த்தால்... லேசாகச் சிரித்தார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தார்.

சாமி கடந்தது. சலீம் ஒலியை ஏற்ற, கிட்டார்காரர் மேடையேறித் தந்தியைத் தொட்டார். அச்சாகப் பொருந்தியது. சுருதி ஒரு நூல்கூட நகரவில்லை!

கச்சேரி முடிந்ததும், எப்படிம்மா சமாளித்தாய் என்றார் முருகேசன்.

“நீங்கல்லாம் எறங்கிப் போயிட்டீங்க. பாபு அண்ணன் மட்டும் வாசிச்சிக்கினே இருந்தாரு.”

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த சலீமின் கை நின்றது.

“சாமி திரும்பும்போதே லேப்டாப்ப நிறுத்திட்டேன்மா.”

மனசுக்குள் ஓடியிருக்கும் என்றார் முருகேசன். இருக்கலாம். பக்கத்திலேயே நிற்கிறோம் என்பதற்காக ஒருவர் காதில் கேட்பது நமக்கும் கேட்டுவிடுமா என்ன? வீட்டிலேயே கேட்பதில்லையே!

மேஜையில் கிடந்த அந்த மானிட்டரை எடுத்து என் காதருகே கொண்டுபோனேன். பாதி வழியில், ஏனோ, கீழே வைத்துவிட்டேன்.

நேற்று தாமலில் கச்சேரி. தேவகிதான் பாடினார், வேறு ஆள் என்ற பேச்சை முருகேசன் எடுக்கவே இல்லை. இந்த முறை ஒரு காதில்தான் மானிட்டர். சலீம் சொன்னது உறைத்துவிட்டதா என்று கேட்டேன். வெறும் காதைத் தொட்டுக் காட்டினார்.

“இது உங்களுக்குண்ணே.”

இன்னொரு காதைப் பற்றி நான் கேட்கவில்லை.