உதைக்க மறுத்த கால்

சம்பா நடவுக்காக நான்கு நாள் தொடர்ந்து நாற்றங்காலில் குந்தி உட்கார்ந்து நாற்றுப் பறித்தேன். நான்காம் நாள் மாலை வீட்டுக்கு வந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியாது, காலுக்கும் தெரியவில்லை.

"ஒத்தச் செருப்போட கடைத்தெருவைத் தாண்டி வந்திருக்கீங்க. யாரும் சொல்லலியா?" என்றாள் மனைவி.

வழியில் என்னைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். நின்று காரணம் கேட்கக் கூச்சம்.

குடவாசலுக்கு வாரம் ஒருநாள் வரும் நரம்பு டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டர் ஒரு பெண். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்த பெண்கள் எதிரே உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மனைவியே பதில் சொன்னாள். நாற்று முற்றுகிறது, இவர் வயலில் இறங்கலாமா கூடாதா? அவளுக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும். எனக்கும்.

டாக்டர் என்னை உயரமான கட்டிலில் கால் தொங்க உட்காரவைத்தார். எதிரே ஸ்டூலில் அமர்ந்து, ரப்பர் சுத்தியலை எடுத்தார். "முழங்காலுக்குக் கீழ தட்டுவேன். காலு தானா உதைக்கும். தளர விடுங்க."

உதைக்கும் என்றால் யாரை? என் கால் நேராக அவரைப் பார்த்துத்தான் தொங்கியது. தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். தெரிந்தே ஒரு டாக்டரம்மாவை உதைப்பதா? சரியென்று தலையை ஆட்டிவிட்டு, இரண்டு தொடைகளையும் மண்வெட்டிக் காம்பு போல இறுக்கிக்கொண்டேன்.

தட்டினார். அசையவில்லை. மற்றதிலும் தட்டினார். அதுவும் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை. அவர் முகம் மாறியது.

"ரெண்டு காலுமே பதில் சொல்லலையே. முதுகுத்தண்டுல ஏதாவது கோளாறு இருக்கலாம். தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுங்க. அதுவரைக்கும் வயல்ல இறங்க வேண்டாம்."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

சீட்டு எழுத அட்டையை எடுத்தவர் ஏதோ நினைத்து, "கடைசியா ஒரு தடவை. ரெண்டு கை விரலையும் கோத்து இழுங்க. ஃபேனைப் பாருங்க" என்றார். பார்த்தேன். ஒரே ஒட்டடை. கையை இழுத்த வேகத்தில் காலை மறந்துபோனேன். டக். கால் பாய்ந்தது. அட்டை பறந்து சுவரில் மோதியது.

குதித்து இறங்கி, அட்டையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "மன்னிச்சிடுங்கம்மா... மரியாதைக்குத்தான் இறுக்கிப் புடிச்சிருந்தேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இந்த உதை உங்க மூளையைக் கேட்டு வர்றதில்லீங்க. தட்டின சேதி முதுகுத்தண்டு வரைக்கும் போகும். அங்கேருந்தே உத்தரவு திரும்பிடும். மூளைக்கு அப்புறமாத்தான் தகவல்."

"முப்பத்தஞ்சு வருஷமா வாய் பேசல. இன்னிக்குக் காலு பேசிடுச்சு" என்றாள் மனைவி.

மூளைதான் மேட்டூர் அணை, முதுகுத்தண்டு காவிரி, நரம்புகள் வாய்க்கால்கள், எல்லாம் மேலிருந்தே வரும் என்று நினைத்திருந்தேன். யோசித்தால், எங்கள் ஊரிலும் மேலே கேட்டுக்கொண்டு மடை திறந்தவன் யார்?

பிறகு இடது முழங்காலின் வெளிப்பக்கத்தில் விரலால் அழுத்தினார். பாதம் வரை சுர்ரென்று ஓடியது. அங்கே நரம்பு தோலுக்கடியில் எலும்பை ஒட்டிப் போகிறதாம். நாள் முழுக்கக் குந்தியதில் நசுங்கிவிட்டதாம். "கொஞ்ச நாள்ல சரியாகிடும். வயலுக்குப் போங்க. குந்த மட்டும் கூடாது."

மறுநாள் நாற்றங்காலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மனைவி நடவுப் பெண்களிடம் முழுக்கதையையும் சொல்லி முடித்திருந்தாள். "முக்காலி வந்துடுச்சு, பார்க்க ஃபேன் எங்க மாமா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி நாலடி தள்ளி நின்று கையிலிருந்த நாற்றுமுடியைச் சுத்தியல் போல ஓங்கினாள். "ஒரு தட்டு தட்டிப் பார்க்கவா மாமா?"

தட்டவே இல்லை. அதற்குள் என் வலது கால் எழும்பி, சேற்றை அவள் மேல் வாரி இறைத்தது.

அந்த உத்தரவு மட்டும், சத்தியமாக, தலையிலிருந்தே போனது.